பத்து–ஒன்பது

அணியில் ஒருத்தியின் இடத்தைக் கேட்டு இன்னொருத்தி ஆடும் சலேஞ்ச் மெச்சை எங்களில் யாரும் பார்க்கக் கூடாது. எங்களுக்கு முன்னால் இருந்த அக்காமார் ஏற்படுத்திவிட்டுப் போன வழக்கம் அது. இரண்டு பேர் ராக்கெட்டோடு கோர்ட்டுக்குள் போவார்கள். கதவு சாத்தப்படும். நடுவர் கிடையாது. பந்து தரையில் இரண்டு தடவை பட்ட பிறகு எடுத்தால், எடுத்தவளே கையைத் தூக்கி ‘டவுன்’ என்று சொல்ல வேண்டும். மற்றவளுக்குச் சந்தேகம் இருந்தால் ஒரு தடவை கேட்கலாம். வரும் பதில்தான் பதில். வெளியே வந்ததும் ஸ்கோரைத் தோற்றவள் சொல்வாள். வென்றவள் வாய் திறப்பதில்லை. அதன் பிறகு அந்த மெச்சைப் பற்றி யாரும் யாரையும் கேட்பதில்லை.

மற்றப் பல்கலைக்கழகங்களின் பெண்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். நாங்கள் சிரிப்பதில்லை. ஸ்குவாஷ் என்றால் என்னவென்று வளாகத்திலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. எங்களுக்கென்று இருந்த ஒரே பெருமை அந்தச் சாத்திய கதவுதான்.

அணியில் மூன்று பேர் விளையாடுவார்கள். இரண்டு பேர் ரிசேர்வ். நான் மூன்றாவது, ஜெஸ்லா நான்காவது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஜெஸ்லா என்னைச் சலேஞ்ச் செய்தாள். அப்படிக் கேட்க அவளுக்கு உரிமை இருந்தது. ஒரு வருடத்தில் அவள் விளையாட்டு அப்படி வளர்ந்திருந்தது. இரண்டு பேருக்கும் அது கடைசி வருடம்.

அந்த நேரம் பார்த்துக் கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம். ஜிம்முக்குப் பூட்டு. எல்லோரும் ஊருக்குப் போய்விட்டோம். மாத்தளைக்காரிகள் நாங்கள் இரண்டு பேர்தான். கெப்டன் நிபுணி அக்கா அணியின் வட்ஸ்அப் குரூப்பில் எழுதினாள்: உங்கள் பக்கம் எங்காவது கோர்ட் இருந்தால் அங்கேயே விளையாடி, ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவைச் சொல்லுங்கள்.

கோர்ட் இருந்தது. இரத்தோட்டைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து அரை மணி நேர நடையில், தோட்டத் துரைமார் கிளப். இப்போது துரைமார் மாதத்தில் ஒரு தடவை கூடிக் குடித்துவிட்டுப் போகிறார்கள். கோர்ட்டில் பழைய கதிரைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். கிளப் வாச்சர் நாகமுத்து அண்ணன் பெரிய கிளாக்கரிடம் சொல்லி அவற்றை வெளியே எடுத்துப் போட்டுத் தந்தார்.

முதல் நாள் வாசலில் நின்று நாங்கள் அடிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஏம்மா, ரெண்டு பேரும் சேந்து அந்தச் செவுத்தப் போட்டு இந்த அடி அடிக்கிறீங்களே, அது என்னம்மா பண்ணுச்சு ஒங்கள?”

ஜெஸ்லாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சேர்வ் போடப் போனவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே விட்டாள்.

ஜெஸ்லா அலுவிகாரையிலிருந்து வருவாள். மாத்தளைக்கு ஒரு பஸ், அங்கிருந்து இரத்தோட்டைக்கு ஒரு பஸ், பிறகு நடை. ஒரு நாளும் பிந்தியதில்லை. மேலே குளிர் அதிகம். ஸ்குவாஷ் பந்து சூடேறினால்தான் துள்ளும். குளிரில் களிமண் உருண்டை மாதிரி விழுந்து கிடக்கும். அவள் பஸ்ஸில் ஏறும்போதே பந்தைக் கைக்குள் பொத்திக்கொண்டு வருவாள். வந்ததும் என் கையில் தருவாள். அது இளஞ்சூடாக இருக்கும்.

இனி பெனரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தம்பி கிஷாந்த் தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி மூட்டை ஏற்றுகிறான். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருவான். நான் அணியில் மூன்றாவதாக இருக்கிறேன், கொழும்புக்குப் போட்டிக்குப் போகப் போகிறேன் என்று போனில் அவனிடம் சொல்லியிருந்தேன். சலேஞ்ச் மெச் என்று ஒன்று இருப்பதைச் சொல்லவில்லை. சொன்னால் விளங்காது என்று நினைத்தேன். அவன் கூட்டாளிகளோடு சேர்ந்து இரத்தோட்டை பஸ் ஸ்டேண்டுக்கு எதிரே பத்தடி நீளத்தில் பெனர் கட்டிவிட்டான். என் படம். ‘தோட்டத்தின் புதல்வி, பல்கலைக்கழக அணியின் நட்சத்திரம், வாழ்த்துகிறோம்.’ பிரிண்ட் அடித்தவனுக்கு ஸ்குவாஷ் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு டென்னிஸ் பந்தைப் பெரிதாகப் போட்டிருந்தான்.

ஜெஸ்லா பஸ்ஸால் இறங்கினால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

“நல்லா ஈக்கி படம்,” என்றாள். “பந்து மட்டும் மஞ்சக்காமாலை புடிச்ச மாதிரி ஈக்கி.”

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். மெச்சுக்கு நான்கு நாள் இருந்தது.

சனிக்கிழமை காலை விளையாடினோம். நாகமுத்து அண்ணனிடம் வழக்கத்தைச் சொன்னேன். “சரி சரி, நான் பூப்பாத்திப் பக்கம் போறேன்,” என்று போய்விட்டார். கதவைச் சாத்தினோம்.

முதல் இரண்டு கேமும் எனக்கு. அடுத்த இரண்டும் அவளுக்கு. ஐந்தாவதில் நான் ஏழு–நான்கு என்று முன்னால் இருந்தேன். அதற்குப் பிறகு ஜெஸ்லா என்னைக் கோர்ட்டின் நான்கு மூலைக்கும் ஓடவிட்டாள். அவசரப்படவில்லை. ஒவ்வொரு பந்தையும் பின்சுவர் வரை நீளமாக அடித்து, நான் மூச்சு வாங்கும்போது ஒன்றை முன்னால் இறக்கினாள். எட்டு–எட்டு. ஒன்பது–ஒன்பது. பத்து–ஒன்பது. அவளுக்கு மெச் போல்: இன்னும் ஒன்று எடுத்தால் மெச் அவளுக்கு.

அந்தப் பந்து நீண்ட நேரம் போனது. கடைசியில் நான் பின்னால் இடது மூலையில் இருக்கும்போது, அவள் அதை முன்வலது மூலைக்கு மெதுவாக இறக்கினாள். நான் ஓடினேன். பந்து சுவரில் பட்டுப் பலகைத் தரையில் விழுந்து எழுந்தது. எழுந்தது என்று சொல்லும் அளவுக்கு எழவில்லை. மறுபடியும் பலகையில் பட்டது. அதற்குப் பிறகுதான் என் ராக்கெட் அதன் கீழே போனது. பந்து முன்சுவரின் அடியில் இருக்கும் தகரப் பட்டைக்கு ஒரு விரல் மேலே பட்டு, இறங்கி, உருண்டு போனது.

நான் பார்த்தேன். தெரியாமல் நடந்தது, வேகத்தில் விளங்கவில்லை என்றெல்லாம் சொல்ல எனக்கு இடமில்லை. இரண்டாவது தடவை பலகையில் பட்டதைக் குனிந்து ஓடிய என் கண் நேராகப் பார்த்தது.

ஜெஸ்லா எனக்குப் பின்னால் நின்றாள். ஓடி வரவில்லை. ராக்கெட்டை இறக்கிப் பிடித்திருந்தாள்.

“எடுத்தியா?” என்றாள்.

அந்தக் கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருந்திருக்கும் என்று நான் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். நேரமே இல்லாமல் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். வாய் தவறி வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் நேரம் இருந்தது. மேலே கூரைத் தகரத்தில் ஏதோ ஒரு பறவை நடக்கும் சத்தம் கேட்டது. பஸ் ஸ்டேண்ட் ஞாபகம் வந்தது. பெனரை அவிழ்க்கக் கிஷாந்த் ஏணி தேடிக்கொண்டு போவது, அதைப் பார்த்துக்கொண்டு கடைவாசலில் ஆட்கள் நிற்பது, அம்மா கொழுந்து நிறுக்கும் இடத்தில் மற்றவர்கள் என்ன கேட்பார்கள் என்பது, எல்லாம் ஒழுங்காக, ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. அவ்வளவையும் பார்த்து முடித்துவிட்டுத்தான் நான் திரும்பினேன்.

“எடுத்தேன்,” என்றேன்.

ஜெஸ்லா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போய்ப் பந்தை எடுத்து என்னிடம் உருட்டினாள். பத்து–பத்து. அடுத்த இரண்டு பந்துக்கும் அவள் ஓடினாள், ஆனால் ஓட்டத்தில் ஏதோ ஒன்று இல்லை. பன்னிரண்டு–பத்து.

வெளியே நாகமுத்து அண்ணன் ஒரு தட்டில் பிளேன்டீ வைத்துக்கொண்டு நின்றார்.

“யாரும்மா கெலிச்சது?”

நான் ஷூ லேசைக் குனிந்து கட்டினேன். கட்ட ஒன்றும் இருக்கவில்லை.

“இவ தான், அண்ணே,” என்றாள் ஜெஸ்லா. பிறகு போனை எடுத்து, வாசல் தூணருகே நின்று, நிபுணி அக்காவின் குரூப்புக்கு வொய்ஸ் மெசேஜ் போட்டாள். சிங்களத்தில், தெளிவாக, ஒவ்வொரு கேமின் ஸ்கோரையும் சொன்னாள். கடைசியில் பன்னிரண்டு–பத்து, தர்ஷிகா என்றாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. ஐந்து நிமிடத்துக்குள் என் போனில் கைதட்டும் படங்கள் வந்து விழுந்தன. நான் போனைப் பைக்குள் போட்டேன். டீயை முழுதாகக் குடித்தேன். அன்று என்னால் டீ குடிக்க முடிந்தது என்பதும் ஞாபகம் இருக்கிறது.

அடுத்த வாரமும் ஜெஸ்லா வந்தாள். எனக்குப் பயிற்சிக்கு ஆள் வேண்டுமே என்று வந்தாள். முன்மூலைப் பந்துகளை எடுக்க எனக்குக் கால் பிந்துகிறது என்று சொல்லி, அதே முன்வலது மூலைக்கு ஐம்பது ஐம்பதாக இறக்கித் தந்தாள். நான் ஐம்பதையும் எடுக்க ஓடினேன். இரண்டு தடவை பட்டதற்கெல்லாம் சத்தமாக ‘டவுன்’ என்றேன். தேவைக்கு மேல் சத்தமாக. அவள் அடுத்த பந்தை இறக்கினாள்.

அந்த ஞாயிறு வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னாள். மறுக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

அவர்கள் வீடு அலுவிகாரையில் மெயின் றோட்டுக்குக் கொஞ்சம் உள்ளே. முன்பக்கம் வாப்பாவின் கடை. மஹ்ரூப் நானா என்றால் அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கிறவர். வீடு முழுக்கக் கராம்பு வாசனை. உம்மா ஆதிபா எனக்கு முன்னால் வைத்த சோற்றைப் பார்த்து நான் பயந்துபோனேன்.

“தின்னுங்க மகள். ஓடுற புள்ளகள் தின்னணும்,” என்றார் மஹ்ரூப் நானா. “மரக்கறி மட்டுந்தானான்னு ஜெஸ்லாட்ட கேட்டேன். கோழியும் தின்பீங்கன்னு சொன்னா.”

“சாப்பிடுவேன், வாப்பா.” அவரை நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். முதல் வருடத்திலிருந்து.

கொஞ்ச நேரம் சாப்பிட்டோம். பிறகு அவர், “நீங்களாவது சொல்லுங்க இவளுக்கு,” என்றார். “ரிசேர்வா கொழும்புக்குப் போகமாட்டாளாம். நான் போன்னு சொல்றேன். உம்மாவும் சொல்றா. கடேசி வருஷம், போய் உக்காந்து பாத்துட்டு வா, என்ன கொறஞ்சு போகுது? கேக்கிறாளில்ல.”

எனக்கு அது தெரியாது. நான் ஜெஸ்லாவைப் பார்த்தேன். அவள் முருங்கைக்காயைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

“நாலு நாள் பெஞ்சுல உக்கார ஏலாது வாப்பா.”

“தோத்தது வெக்கமா? வெளையாட்டுன்னா ஒரு ஆள் தோக்கத்தானே வேணும்.” அவர் என் பக்கம் திரும்பினார். “வீட்டுக்கு வந்து ஒரு சொல்லு பேசல்ல, அன்டைக்கு. ஸ்கோர் மட்டும் சொன்னா. எப்படி மகள் தோத்தா? நீங்க சொல்லுங்க. அவ்வளவு கிட்ட வந்தாளாமே.”

வழக்கம் அணிக்குள் இருப்பது. அணிக்கு வெளியே இருப்பவருக்கு அதைச் சொல்லி நான் தப்பித்திருக்கலாம். எங்களில் யாரும் கேட்கவும் மாட்டோம், சொல்லவும் மாட்டோம் என்று சொல்லியிருந்தால் அவர் விட்டிருப்பார். அது அப்போது எனக்குத் தோன்றவில்லை. அவர் முகத்தில் அவ்வளவு ஆசை இருந்தது. மகள் நன்றாக விளையாடினாள் என்று யாராவது சொல்லிக் கேட்க வேண்டும் என்ற ஆசை. நான் சொல்ல ஆரம்பித்தேன்.

எல்லாம் சொன்னேன். முதல் இரண்டு கேம், அவள் திரும்பி வந்தது, என்னை ஓடவிட்டது. அவருக்கு விளங்கட்டும் என்று தண்ணீர்க் கோப்பையை வைத்துச் சுவர் காட்டினேன். அவர் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கேட்டார். “பார் ஆதிபா, நம்மட புள்ளய,” என்றார். ஏழு–நான்கு. எட்டு–எட்டு. எனக்குத் தெரியும் எங்கே போய்க்கொண்டிருக்கிறேன் என்று. ஆனால் நிற்க முடியவில்லை, இறக்கத்தில் ஓடுகிற மாதிரி.

“பத்து–ஒன்பது,” என்றேன். “இன்னும் ஒரு பந்துதான் அவளுக்கு. முன்னுக்கு ஒண்ணு போட்டா. நான் ஓடினேன்.”

“ஆ?”

ஜெஸ்லாவின் கை தட்டில் அசையாமல் இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. மேசையில் யாரும் மெல்லவில்லை. கடைப் பக்கம் தராசுத் தட்டு காற்றில் ஆடுகிற சத்தம் கேட்டது. முதல் தடவை என்னிடம் கேட்டபோது கோர்ட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இப்போது நான்கு பேர், சோற்றுக்கு முன்னால்.

“எட்டிப் புடிச்சு எடுத்துட்டேன், வாப்பா.”

“ஓ,” என்றார் அவர். பிறகு கொஞ்சம் தாராளமாக, “அப்ப நீங்களும் லேசுப்பட்ட ஆளில்ல,” என்றார்.

ஜெஸ்லா எழுந்து, கோழிக்கறிச் சட்டியை எடுத்து வந்து, என் தட்டில் இரண்டு துண்டு வைத்தாள்.

நான் அதைச் சாப்பிட்டேன்.

பஸ் ஹோல்ட் வரை என்னோடு நடந்து வந்தாள். தம்புள்ளைப் பக்கமிருந்து மரக்கறி லொறிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு லொறி போகும்போதும் பேச ஆரம்பிக்க நினைத்தேன். போன பிறகு பேசலாம் என்று விட்டேன். அப்படி ஆறேழு லொறி போய்விட்டது.

“ஜெஸ்லா, அந்தப் பந்து…”

“தெரியும்.”

நான் நின்றுவிட்டேன்.

“பழைய பலக தானே,” என்றாள். “ரெண்டு தடவ சத்தம் கேட்டிச்சி. ஒண்ணு. அடுத்தது ஒண்ணு. நீ மறைச்சிக்கிட்டு நிண்டதால காணல்ல. கேட்டிச்சி.”

“பொறகு ஏன் கேட்ட?”

“நீயே சொல்லுவேன்னு தான்.”

ஒரு பஸ் வந்து நின்றது. தனியார் பஸ். கொண்டக்டர் பெடியன் மாத்தளை மாத்தளை என்று கத்தினான். நான் ஏறவில்லை. அவன் எங்களை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு மணியடித்தான்.

“நிபுணி அக்காகிட்ட சொல்லிர்றேன்,” என்றேன். “நீ மூணாவது போ.”

“எனக்காகச் சொல்லாத.” அவள் சாலை ஓரத்துப் புல்லைப் பார்த்தபடி பேசினாள். கோபமாகப் பேசியிருந்தால் நான் அழுதிருப்பேன், அது எனக்குச் சுகமாகவும் இருந்திருக்கும். அவள் சாதாரணமாகத்தான் பேசினாள். “அந்த எடம் வேணுமான்னா வேணும். பொய் சொல்ல மாட்டேன். ஆனா அதில்ல எனக்குக் கஷ்டம். அன்டைக்கு வெளிய வந்து நான் தானே வொய்ஸ் போட்டேன். பன்னெண்டு–பத்துன்னு. தெரிஞ்சிக்கிட்டே, என்ட வாயால. நீ பொய் சொன்ன, சரி. என்னையும் சொல்ல வெச்ச.”

இன்னொரு லொறி போனது.

“இன்டைக்கு வாப்பாட முன்னுக்கும்,” என்றாள்.

அடுத்த பஸ்ஸில் ஏறினேன். திரும்பிப் பார்த்தபோது அவள் ஏற்கெனவே நடக்கத் தொடங்கியிருந்தாள்.

திங்கள், செவ்வாய் அவள் வரவில்லை. நான் தனியாகக் கோர்ட்டுக்குப் போனேன். பந்து சூடேறவே இல்லை. நாகமுத்து அண்ணன் எட்டிப் பார்த்து, “கூட்டாளி எங்கம்மா, சண்டையா?” என்றார். “இல்லண்ணே, வேல,” என்றேன். மூன்றாவது பொய்யோ நான்காவதோ. அவ்வளவு சுலபமாக வந்தது அது. கோர்ட்டின் நடுவில் உட்கார்ந்துவிட்டேன். சத்தம் கேட்கிறதா பார்க்கலாம் என்று பந்தைக் கையிலிருந்து விட்டேன். ஒன்று. அடுத்தது ஒன்று. கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கும் கேட்டிருக்கும்.

அங்கிருந்தே நிபுணி அக்காவுக்கு அழைத்தேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. சிங்களத்தில் சொன்னேன். வேறு மொழியில் சொல்வது கொஞ்சம் லேசாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருக்கவில்லை. சுற்றி வளைக்கச் சொற்கள் குறைவாக இருந்ததால் எல்லாம் நேராக வந்து விழுந்தது.

அந்தப் பக்கம் அக்கா ஒரு கதவைச் சாத்துவது கேட்டது.

“நங்கி,” என்று தங்கச்சியை அழைக்கிற மாதிரி அழைத்தாள். “மெச் முடிந்தால் யாரும் கேட்கக் கூடாது என்று இருக்கிறது. நான் கேட்கவில்லை. நீ ஏன் எனக்குச் சொல்கிறாய்?”

“சொல்லாமல் இருக்க முடியவில்லை அக்கா.”

“உனக்கு முடியவில்லை என்பதால் இப்போது நான் அதைச் சுமக்க வேண்டுமா?” அவள் திட்டவில்லை. களைத்துப் போன மாதிரி இருந்தாள். “இந்த வழக்கத்தை வேண்டாம் என்று கோச் இரண்டு வருடமாகச் சொல்கிறார். நான்தான் எங்கள் பிள்ளைகள் அப்படி இல்லை என்று சண்டை பிடித்தேன். சரி. இன்றைக்கு ஆறு மணிக்குள் வரிசை அனுப்ப வேண்டும். நீயும் ஜெஸ்லாவும் பேசி மூன்றாவதாக ஒரு பெயர் தாருங்கள். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.”

ஜெஸ்லாவுக்கு அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தேன். மூன்றாவது தடவை எடுத்தாள். பின்னால் கடையில் மூட்டை இறக்கும் சத்தம்.

“அக்காகிட்ட சொல்லிட்டேன். ஒன் பேரத்தான் குடுக்கப் போறேன்.”

“அக்காட்ட மட்டுமா?”

“ஆமா.”

யாரோ அவளிடம் சாக்குக் கட்டும் நூலைக் கேட்டார்கள். எடுத்துக் கொடுப்பது கேட்டது.

“நான் குரூப்ல சொன்னேன்,” என்றாள். “எல்லாரும் கேட்டாங்க.”

அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது நாலரை. அம்மா மலையிலிருந்து இன்னும் இறங்கவில்லை. கிஷாந்த் வந்திருந்தான், கட்டிலில் படுத்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். நான் லயத்துக்குப் பின்னால், உடுப்புக் காயப் போடும் இடத்துக்குப் போனேன். குரூப்புக்கு வொய்ஸ் பதிவு செய்யத் தொடங்கி அழித்தேன். முதலில் மிகவும் வருந்துகிறேன் என்று ஆரம்பித்திருந்தேன். அது எனக்கே பிடிக்கவில்லை. மன்னிப்புக் கேட்பவளாக என்னை நானே நல்லவளாக்கிக் கொண்டிருந்தேன். இரண்டாவதில் பெனரைப் பற்றி, வீட்டைப் பற்றி வந்தது. அதையும் அழித்தேன். மூன்றாவதில் குரல் உடைந்தது. உடைந்ததை விட்டுவைத்தால் இரங்குவார்கள் என்று ஒரு நொடி நினைத்தேன். நினைத்ததை நான் கவனித்தேன். அழித்தேன்.

கடைசியில் சிங்களத்தில் சொன்னது இவ்வளவுதான். சனிக்கிழமை மெச்சில் ஐந்தாவது கேம் பத்து–ஒன்பதில் பந்து இரண்டு தடவை பட்டது. நான் பார்த்தேன். ஜெஸ்லா கேட்டாள். எடுத்தேன் என்று பொய் சொன்னேன். மெச் ஜெஸ்லாவுக்கு, பதினொன்று–ஒன்பது. சொல்வது தர்ஷிகா.

அனுப்பிவிட்டு அங்கேயே நின்றேன். ஒவ்வொருவராகக் கேட்டதற்கு அடையாளம் வந்தது. நான்கு பேர். யாரும் ஒன்றும் எழுதவில்லை. ஐந்தே முக்காலுக்கு நிபுணி அக்கா வரிசையைப் போட்டாள். மூன்றாவது ஜெஸ்லா. ரிசேர்வில் முதலாவது பாத்திமா ஸப்ரி, போன வருடம் சேர்ந்த பிள்ளை. இரண்டாவது நான். அதற்கும் யாரும் ஒன்றும் எழுதவில்லை. கைதட்டும் படம்கூட இல்லை. ஜெஸ்லாவுக்குக் கிடைத்திருக்க வேண்டிய அதையும் நான் கெடுத்திருந்தேன்.

திரும்பினால் கிஷாந்த் நின்றான். எவ்வளவு நேரமாக நின்றானோ. அவனுக்குச் சிங்களம் என்னைவிட நன்றாக வரும்.

“அப்ப நீ வெளாடமாட்டியா?” என்றான்.

“மாட்டேன். ரிசேர்வ்.”

அவன் தலையைச் சொறிந்தான். “ரிசேர்வும் டீம் தானே.”

“கிஷாந்த், நான் களவு பண்ணிட்டேன்டா.”

“வெளங்குது. காது இருக்கில்ல.” அவன் கொடியில் கிடந்த தன் சேர்ட்டைத் தொட்டுப் பார்த்தான், காய்ந்ததா என்று. ஏற்கெனவே காய்ந்திருந்தது. “பெனர் கெடக்கட்டும். மழைக்குக் கிழிஞ்சிரும். அம்மாகிட்ட நீ சொல்லு. நான் சொல்லமாட்டேன்.”

அம்மாவிடம் அன்று இரவு சொன்னேன். ஸ்குவாஷ் பற்றி அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. நான் விளக்கி முடிக்கும் வரை ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தாள். “அந்தப் புள்ள வீட்டுல போயி சாப்பிட்டியா?” என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். அம்மா பிசைந்த மாவை உருட்டத் தொடங்கினாள்.

ரிசேர்வாகப் போகாமல் இருக்க எனக்கு ஆசை இருந்தது. காய்ச்சல் என்று ஒரு வரி எழுதினால் போதும். எழுதவில்லை. நான் போகாவிட்டால் யாராவது ஒருத்திக்குக் கால் பிசகினால் ஆள் குறையும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, காய்ச்சல் இல்லை என்பது.

வேலைநிறுத்தம் முடிந்திருந்தது. புறப்படும் நாள் காலை ஆறரைக்கு மாத்தளை பஸ் ஸ்டேண்டில் ஜெஸ்லா நின்றாள். மஹ்ரூப் நானா அவளுடைய பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கிட்டப் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று வரும் வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன்.

“வாப்பா, அன்னிக்கு மேசையில…”

“கேட்டேன்,” என்றார் அவர். “உங்கட வொய்ஸ இவ போட்டுக் காட்டினா.”

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கணக்குத் தவறிய ஆளைப் பார்க்கிற மாதிரியும் இல்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்ட ஒரு பிள்ளையை எப்படிப் பார்ப்பதென்று தெரியாத மனிதராக நின்றார். பிறகு கேம்பஸ் பக்கம் போகும் கண்டி பஸ் வந்தது. பையை ஏற்றக் கொண்டக்டரோடு போனார். இறங்கி வந்து, யன்னலுக்கு வெளியே நின்று, “சுகமாப் போய்ட்டு வாங்க,” என்றார். இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொன்னார்.

ஜெஸ்லா யன்னல் பக்கம் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. உட்காரலாமா என்று நான் நின்றதைப் பார்த்து, கால்களைக் கொஞ்சம் ஒதுக்கினாள். உட்கார்ந்தேன்.

பஸ் ஊரைத் தாண்டியது. அவள் பந்தைக் கைக்குள் வைத்திருக்கவில்லை. கைகள் மடியில் வெறுமனே கிடந்தன. அலவத்துகொடை வரும் வரை நாங்கள் பேசவில்லை. முன்பும் நாங்கள் பஸ்ஸில் பேசாமல் போயிருக்கிறோம், மணிக்கணக்காக. அது வேறு.

“கேம்பஸ் பஸ் எத்தின மணிக்கு எடுக்கிறாங்க?” என்றாள்.

“ஒம்பதரைக்கு. ஜிம் வாசல்ல.”

அவள் தலையாட்டினாள். வெளியே பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் போனை எடுத்து, நிபுணி அக்காவுக்கு அழைத்து, பஸ் எத்தனை மணிக்கு, எங்கே என்று கேட்டாள்.

ஒன்பதரை என்று அக்கா சொல்வது எனக்கும் கேட்டது. “சரி அக்கா,” என்று ஜெஸ்லா வைத்தாள். நான் முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனங்கள் நின்றுவிட்டன. எங்களுக்கு இன்னும் நேரம் இருந்தது.